புகாருக்குப் பதில் குறிப்பாணை: பணியிட நீதியில் சாதியின் இடம்

2018 ஜூலை மாதம் திருப்பூர் மாவட்டம் அவிநாசி அருகே திருமலைக்கவுண்டன்பாளையம் அரசுப் பள்ளியின் சத்துணவுக் கூடத்தில் அருந்ததியர் பெண் ஒருவர் சமையலராகப் பொறுப்பேற்றார். அவர் சமைத்த உணவைத் தம் பிள்ளைகள் உண்ண மாட்டார்கள் என்று சாதி இந்துக்கள் எதிர்ப்புத் தெரிவித்தனர். அரசு நிர்வாகம் உடனடியாகச் செயல்பட்டது. எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் மீது வழக்குப் பதிய அது முனையவில்லை. சமையலருக்கு இடமாற்ற ஆணை பிறப்பித்தது. தலித் அமைப்புகளும் முற்போக்கு அமைப்புகளும் போராடிய பின்னரே அந்த ஆணை ரத்தானது, வழக்கும் பதிவானது. 2025 நவம்பரில் திருப்பூர் சிறப்பு நீதிமன்றம் ஆறு பேருக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதித்தது.

தண்டனை வழங்கப்பட்டதை நாம் வரவேற்றோம். ஆனால் இந்த வழக்கு எழுப்பிய மற்றொரு கேள்வி இன்னும் விவாதிக்கப்படவில்லை. இடமாற்ற ஆணைக்குச் சில நாட்களே போதுமானதாக இருந்தன. தீண்டாமையைக் கடைப்பிடித்தவர்களுக்குத் தண்டனை கிடைக்க ஏழு ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. பாதிக்கப்பட்ட பணியாளரிடம் விளக்கம் கேட்காமல், அவர் மீது எந்தக் குற்றச்சாட்டும் இல்லாத நிலையில், ‘நிர்வாகக் காரணம்’ என்ற பெயரில் அவரை அகற்றிவிட முடியும் என்று ஓர் அலுவலகம் எவ்வாறு எண்ணியது? பணியிடங்களில் ஒழுங்கு நடவடிக்கையும் குறைதீர்ப்பும் தலித் பணியாளர்கள் விஷயத்தில் எப்படிக் கையாளப்படுகின்றன என்பதை இந்தக் கேள்வியிலிருந்தே நாம் ஆராய வேண்டியுள்ளது.

இரண்டு கோப்புகள்

எந்த அலுவலகத்திலும் இரண்டு வகைக் கோப்புகள் உண்டு. ஒன்று, நிர்வாகம் பணியாளர் மீது தொடங்கும் ஒழுங்கு நடவடிக்கைக் கோப்பு. மற்றொன்று, பணியாளர் நிர்வாகத்திடம் அளிக்கும் குறைகளின் கோப்பு. முதல் கோப்புக்கு விதிகள் உண்டு, படிவங்கள் உண்டு, பொறுப்பான அலுவலர் உண்டு. தமிழ்நாடு அரசு ஊழியர்களில் 17(அ), 17(ஆ) என்ற எண்களை அறியாதவர் எவருமில்லை. முன்னது சிறு தண்டனைகளுக்கான நடவடிக்கை. பின்னது முறையான விசாரணைக்குப் பின் பதவியையே பறிக்கக்கூடிய நடவடிக்கை. குறைகளின் கோப்புக்கோ பெரும்பாலான அலுவலகங்களில் ஒரு பதிவேடுகூட இல்லை. மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையைக் கேட்டால், அதையே கீழ்ப்படியாமை என்று கருதும் மேலதிகாரிகள் உள்ளனர்.

இந்த ஏற்றத்தாழ்வு எல்லாப் பணியாளர்களையும் பாதிக்கிறது. தலித் பணியாளரை அது இரு மடங்கு பாதிக்கிறது. அவருடைய குறை பெரும்பாலும் சாதி தொடர்பானதாக இருக்கிறது. அதை விசாரிக்க வேண்டியவரே அந்தக் குறைக்குக் காரணமானவராகவோ, அவரோடு உறவும் சமூகமும் பகிர்ந்தவராகவோ இருக்கிறார். பிறகு நிகழும் வரிசை நமக்குப் பழக்கமானது. தனிக் குவளை வைத்தார்கள், இழிவாகப் பேசினார்கள், துப்புரவு வேலை மட்டும் கொடுத்தார்கள் என்று ஒருவர் மனு அளிக்கிறார். மனு கிடப்பில் போடப்படுகிறது. சில வாரங்களில், காலதாமதமாக வந்தார், மேலதிகாரியிடம் மரியாதைக் குறைவாக நடந்தார், அலுவலக ஒழுங்கைக் குலைத்தார் என்று அவருக்கே குறிப்பாணை வருகிறது. புகார்தாரர் குற்றம் சாட்டப்பட்டவராக மாறிவிடுகிறார். அதன்பின் அவருடைய ஆற்றல் முழுவதும் தம் வேலையைக் காப்பாற்றிக்கொள்வதில் கழிகிறது. முதலில் அளித்த மனுவைப் பற்றி எவரும் பேசுவதில்லை.

ஒரு ரகசியக் குறிப்பேட்டின் கதை

இது தனிமனித வருத்தம் மட்டுமன்று என்பதற்கு 2018ஆம் ஆண்டே சான்று. அவ்வாண்டு மார்ச் 20 அன்று உச்ச நீதிமன்றம் சுபாஷ் காசிநாத் மகாஜன் வழக்கில் வழங்கிய தீர்ப்பு, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்த்துப்போகச் செய்தது. முன்விசாரணை வேண்டும், அரசு ஊழியரைக் கைது செய்ய நியமன அதிகாரியின் அனுமதி வேண்டும் என்றெல்லாம் நிபந்தனைகள் விதிக்கப்பட்டன. ஏப்ரல் 2 அன்று நாடு தழுவிய முழு அடைப்பு நடந்தது. பல உயிர்கள் பலியாயின. அதே ஆண்டு நாடாளுமன்றம் 18அ பிரிவைச் சேர்த்தது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தன் வழிகாட்டுதல்களைத் தானே திரும்பப் பெற்றது.

இவ்வளவு பெரிய நிகழ்வுகளின் தொடக்கப்புள்ளி எது? மகாராஷ்டிர மாநிலம் கராடு நகரின் அரசு மருந்தியல் கல்லூரியில் பணியாற்றிய தலித் ஊழியர் ஒருவரின் ஆண்டு ரகசியக் குறிப்பேட்டில் மேலதிகாரிகள் எழுதிய பாதகமான வரிகள். அந்த வரிகளை எதிர்த்து அவர் காவல் நிலையம் சென்றார். மேலதிகாரிகள் மீது வழக்குத் தொடர உயர் அதிகாரி அனுமதி மறுத்தார். மறுத்தவர் மீதும் அவர் புகார் அளித்தார். ஒரு பணியாளரின் குறை பத்தாண்டுகளுக்கு மேல் அலைந்து திரிந்து, இறுதியில் நாட்டின் தலித், பழங்குடி மக்கள் அனைவரின் பாதுகாப்பையும் அசைத்துப் பார்க்கும் தீர்ப்பாக வந்து நின்றது.

அந்த வழக்கின் தகுதியை நாம் இங்கே மறுவிசாரணை செய்யவில்லை. நாம் கேட்பது வேறு. குறிப்பேட்டில் எழுதப்பட்டது நியாயமா, சாதி வெறுப்பா என்பதைப் பணியிடத்திலேயே, சார்பற்ற ஒரு குழு, குறித்த காலத்துக்குள் ஆராய்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அத்தகைய குழு எதுவும் இல்லாத நாட்டில், காவல் நிலையத்தைத் தவிர வேறு கதவு இல்லாத ஒருவரைப் பார்த்து ‘சட்டத்தைத் தவறாகப் பயன்படுத்துகிறார்’ என்று கூறுவது என்ன நியாயம்?

அடைத்த அறையும் குற்றவியல் சட்டமும்

காவல் நிலையக் கதவும் எப்போதும் திறப்பதில்லை. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(ஆர்), 3(1)(எஸ்) பிரிவுகளின்படி, சாதியைச் சொல்லி இழிவுபடுத்துவது ‘பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில்’ நிகழ்ந்தால்தான் குற்றமாகும். நான்கு சுவர்களுக்குள், வெளியார் எவரும் இல்லாதபோது கூறப்பட்டவை இதில் அடங்கா என்று 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரியில், அலுவலக அறைக்குள் பணியில் இருந்த வருவாய்த் துறை ஊழியர் ஒருவரைச் சாதிப் பெயர் சொல்லித் திட்டியதாகத் திருச்சி மாவட்டத்தில் பதிவான வழக்கையும் இதே காரணத்தால் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. உடன் பணியாற்றுவோர் அங்கு வந்து சேர்ந்தது சம்பவத்துக்குப் பின்னர்தான் என்பது அவ்வழக்கில் முக்கியமாக எடுத்துக்கொள்ளப்பட்டது.

அலுவலகத்தில் நிகழும் அவமானங்களில் பெரும்பகுதி அடைத்த அறைக்குள், மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருவதே. அங்குச் சாட்சி இருக்காது. குற்றவியல் சட்டம் அந்த அறைக்குள் நுழையத் தயங்குகிறது என்றால், அங்கு நடப்பதை விசாரிக்கும் கடமை பணியிட விதிகள் மீதே விழுகிறது. அந்தக் கடமையை ஏற்க நம்மிடம் எந்த அமைப்பும் இல்லை.

பாலியல் துன்புறுத்தல் விஷயத்தில் சட்டம் இந்தத் தேவையை உணர்ந்தது. 1992இல் ராஜஸ்தானில் அரசின் பெண்கள் மேம்பாட்டுத் திட்டத்தில் பணியாற்றிய பன்வாரி தேவி, குழந்தைத் திருமணத்தைத் தடுக்க முயன்றதற்காக ஆதிக்கச் சாதியினரால் வன்கொடுமைக்கு ஆளானார். அதைத் தொடர்ந்து பிறந்தது 1997ஆம் ஆண்டின் விசாகா தீர்ப்பு. பின்னர் 2013ஆம் ஆண்டுச் சட்டம். பத்து அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் இடங்களில் உள்ளகக் குழு, அதில் வெளியிலிருந்து ஓர் உறுப்பினர், 90 நாட்களுக்குள் விசாரணை, விசாரணைக் காலத்தில் புகார்தாரர் கேட்டால் விடுப்பு அல்லது இடமாற்றம் என்று அது தெளிவாக வகுத்தது. நடைமுறையில் குறைகள் பல உண்டு; ஆயினும் வரையறை உண்டு. குயவர் சமூகத்தைச் சேர்ந்த ஒரு பெண் பணியாளர் மீது சாதியும் பாலினமும் சேர்ந்து நடத்திய வன்முறையிலிருந்து பிறந்த சட்டத்தில் பாலினம் இடம்பெற்றது, சாதி விடுபட்டுவிட்டது. சாதிப் பாகுபாட்டுக்கு இணையான உள்ளகக் குழு இன்றுவரை எந்தத் தொழிலாளர் சட்டத்திலும் இல்லை.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத்தொகுப்பும் இக்குறையைப் போக்கவில்லை. 20 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள நிறுவனங்களில் குறைதீர்ப்புக் குழு வேண்டும், நிர்வாகத் தரப்பும் தொழிலாளர் தரப்பும் சம எண்ணிக்கையில் இருக்க வேண்டும், பெண்களுக்கு உரிய இடம் வேண்டும் என்கிறது அது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நிலையாணைகள் கட்டாயமாகும் வரம்பை 100 தொழிலாளர்களிலிருந்து 300ஆக உயர்த்தியதன் மூலம், எது தவறான நடத்தை, அதை எப்படி விசாரிப்பது என்று எழுதி வைக்கும் கடமையிலிருந்தே ஏராளமான நிறுவனங்களை விடுவித்திருக்கிறது. பணிநீக்கத்தை எதிர்த்துத் தொழிலாளி நேரடியாகத் தீர்ப்பாயத்தை அணுகும் கால வரம்பும் மூன்று ஆண்டுகளிலிருந்து இரண்டாகக் குறைந்துவிட்டது. புரட்சியாளர் அம்பேத்கர் வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறைப் பொறுப்பில் இருந்த காலத்தில், 1946இல் நிறைவேறியது நிலையாணைகள் சட்டம். முதலாளியின் வாய்மொழியே விதி என்றிருந்த நிலையை மாற்றி, எழுதப்பட்ட விதிக்கு முதலாளியையும் கட்டுப்படுத்தியதே அதன் பயன். அந்தப் பயன்தான் இப்போது சுருங்குகிறது.

நேர்மையான விசாரணை என்பது எது?

ஒழுங்கு நடவடிக்கையே கூடாது என்று நாம் வாதிடவில்லை. தவறு செய்த பணியாளர், அவர் எச்சாதியைச் சேர்ந்தவராயினும், விசாரிக்கப்பட வேண்டும். கேள்வி, எப்படி என்பதே. இந்திய நீதிமன்றங்கள் இதற்கான விடையை எப்போதோ வகுத்துவிட்டன.

குற்றச்சாட்டு நாள், நேரம், இடம், செயல் ஆகியவற்றுடன் தெளிவாக இருக்க வேண்டும். ‘நடத்தை சரியில்லை’ என்பது குற்றச்சாட்டு அன்று, அது அபிப்பிராயம். குற்றத்தை மறுக்கவும், சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்யவும், தம் தரப்புச் சாட்சிகளை நிறுத்தவும் வாய்ப்பு வேண்டும் என்று கேம் சந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் விளக்கியது. விசாரணை அறிக்கையின் நகலைப் பணியாளரிடம் கொடுத்து, அவர் விளக்கத்தைப் பெற்ற பிறகே முடிவெடுக்க வேண்டும் என்று 1993இல் கருணாகர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு கூறியது. தொடர்ந்து சில நாட்கள் வராதவரின் பெயரைத் தானாகவே நீக்கிவிடலாம் என்று நிலையாணையில் இருந்தாலும், விசாரணையின்றி அவ்வாறு நீக்க முடியாது என்று அதே ஆண்டு டி.கே.யாதவ் வழக்கு உறுதி செய்தது. தற்காலிகப் பணிநீக்கக் காலத்தில் பிழைப்பூதியம் கொடுக்காததால் விசாரணைக்கு வர இயலாத பணியாளர் மீது ஒருதலையாக நடத்தப்பட்ட விசாரணை செல்லாது என்று 1999இல் பால் அந்தோணி வழக்கில் தீர்ப்பானது. ஒரே தவறுக்கு ஒருவரை லேசாகக் கண்டித்துவிட்டு மற்றவரை வேலையிலிருந்து நீக்குவது பாகுபாடு என்று 2013இல் ராஜேந்திர யாதவ் வழக்கு கூறியது.

இந்த ஒவ்வொரு படியிலும் சாதி நுழைய இடம் உண்டு என்பதை நாம் காண வேண்டும். ‘மரியாதைக் குறைவு’ என்ற சொல்லை எடுத்துக்கொள்வோம். ஒருவர் நாற்காலியில் அமர்ந்ததும், நிமிர்ந்து பதில் சொன்னதும், ‘சார்’ என்று சொல்லாமல் விட்டதும் அடுத்தவர் விஷயத்தில் கண்ணில் படாதவை. தலித் பணியாளர் செய்தால் அவை குற்றமாகின்றன. பிழைப்பூதியமும் அப்படியே. சொந்த நிலமோ, கடன் தர உறவோ உள்ளவர் பாதிச் சம்பளத்தில் ஆறு மாதம் தாக்குப்பிடிக்கலாம். முதல் தலைமுறையாக மாதச் சம்பளம் காணும் குடும்பம் இரண்டாவது மாதத்திலேயே நகையை அடகு வைக்கிறது. 1981ஆம் ஆண்டின் தமிழ்நாடு பிழைப்பூதியச் சட்டம் முதல் 90 நாட்களுக்கு 50 விழுக்காடு, அடுத்த 90 நாட்களுக்கு 75 விழுக்காடு, 180 நாட்களுக்குப் பிறகு முழு ஊதியம் என்று வகுத்தது இதனால்தான். விசாரணையை இழுத்தடிப்பதே தண்டனையாகிவிடும் என்பதை அச்சட்டம் புரிந்துகொண்டிருந்தது. அரசுப் பணியிலோ, நிலுவையில் உள்ள ஒரு குறிப்பாணையே பதவி உயர்வுப் பட்டியலிலிருந்து பெயரை விலக்கப் போதுமானது. இறுதியில் குற்றச்சாட்டு கைவிடப்பட்டாலும், இளையவர் மேலே சென்று அமர்ந்திருப்பார். இட ஒதுக்கீட்டின் வழி உள்ளே வந்தவரை உயர் பதவிக்குச் செல்லாமல் தடுக்க, இதைவிட ஓசையற்ற கருவி வேறில்லை.

விசாரணையே இல்லாதவர்கள்

இவ்வளவும் விசாரணை என்ற ஒன்று உள்ளவர்களுக்கு. தூய்மைப் பணியாளர்களில் மிகப் பலருக்கு அதுவும் இல்லை. சென்னை மாநகராட்சியின் ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டதை எதிர்த்து, 2025 ஆகஸ்டில் பெரும்பாலும் தலித் பெண்களான பணியாளர்கள் ரிப்பன் மாளிகை முன்பு இரவும் பகலும் அமர்ந்திருந்தனர். ஆகஸ்ட் 13 நள்ளிரவில் காவல்துறை அவர்களை அப்புறப்படுத்தியது. கொரோனாவிலும் வெள்ளத்திலும் நகரைச் சுமந்த அவர்கள் மீது எந்தக் குறிப்பாணையும் இல்லை. எந்தத் தவறும் சாட்டப்படவில்லை. ஆயினும் செய்துவந்த வேலை கையைவிட்டுப் போனது.

ஒப்பந்த முறையில் மேற்பார்வையாளர் ‘நாளை முதல் வரவேண்டாம்’ என்று சொல்லும் ஒரு வாக்கியமே ஒழுங்கு நடவடிக்கை. வருகைப் பதிவேட்டில் பெயர் இல்லாமல் போவதே தண்டனை ஆணை. குறையைச் சொல்லப் போனால் ஒப்பந்ததாரர் மாநகராட்சியைக் கைகாட்டுவார். மாநகராட்சி ஒப்பந்ததாரரைக் கைகாட்டும். தலித் மக்கள் எண்ணிக்கையில் மிகுந்திருக்கும் பணிகளே முதலில் ஒப்பந்தத்துக்கு விடப்படுகின்றன என்பதால், இயற்கை நீதிக் கோட்பாடுகள் யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதையும் நடைமுறையில் சாதியே தீர்மானிக்கிறது.

செய்ய வேண்டியவை

நம்மை எதிர்த்து ஒரு வாதம் வைக்கப்படுகிறது. தலித் பணியாளர் மீது நியாயமான நடவடிக்கை எடுத்தாலும் வன்கொடுமைப் புகார் வரும் என்ற அச்சத்தில் அதிகாரிகள் செயலிழந்துவிடுகிறார்கள் என்பது அது. இந்த அச்சத்துக்கு மருந்தும் நேர்மையான நடைமுறையே. குற்றச்சாட்டு தெளிவாக இருந்து, விசாரணை அலுவலர் சார்பற்றவராக இருந்து, அதே தவறு செய்த பிறருக்கும் அதே தண்டனை கிடைத்திருந்தால், அந்த அதிகாரி அஞ்ச வேண்டியது எதுவும் இல்லை. சாதிப் பாகுபாடு காட்டியதாகக் குற்றம் சாட்டப்படுபவருக்கும் மறுத்துப் பேசும் உரிமை முழுமையாக வேண்டும் என்றே நாமும் சொல்கிறோம். நமக்கு மறுக்கப்பட்ட விசாரணையைப் பிறருக்கு மறுப்பது நம் கோரிக்கை அன்று.

தமிழ்நாடு அரசு மைய அரசின் சட்டத் திருத்தத்துக்குக் காத்திராமல் தன் துறைகளிலும், உள்ளாட்சிகளிலும், அரசு நிறுவனங்களிலும் உடனே செய்யக்கூடியவை உள்ளன. சாதிப் பாகுபாட்டுப் புகார்களை விசாரிக்க, வெளி உறுப்பினருடன், தலித், பழங்குடிப் பெண்கள் உள்ளிட்டோருக்குப் பெரும்பான்மை உள்ள உள்ளகக் குழுவை அமைக்க வேண்டும். புகார் அளித்தவர் மீது அப்புகார் முடியும்வரை புதிய ஒழுங்கு நடவடிக்கையோ இடமாற்றமோ மேற்கொள்ள, அந்த அலுவலகத்துக்கு வெளியே உள்ள உயர் அதிகாரியின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வேண்டும். புகாரில் குறிப்பிடப்பட்டவரோ அவருக்குக் கீழ் உள்ளவரோ விசாரணை அலுவலராக இருக்கக் கூடாது. ஒவ்வொரு துறையும் எத்தனை குறிப்பாணைகள் வழங்கப்பட்டன, எத்தனை பேர் தற்காலிகப் பணிநீக்கத்தில் உள்ளனர், என்ன தண்டனைகள் விதிக்கப்பட்டன என்பதைச் சமூகப் பிரிவு வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பணியமர்த்தலில் சாதிக் கணக்கு வைத்திருக்கும் அரசு, பணியிலிருந்து அகற்றுவதில் மட்டும் கணக்கு வைக்காதிருப்பது ஏன்? ஒப்பந்தப் பணியாளரை நீக்கும் முன் காரணம் கூறி விளக்கம் கேட்பதை ஒப்பந்தத்தின் கட்டாய நிபந்தனையாக்கி, அதற்கு உள்ளாட்சியையே பொறுப்பாக்க வேண்டும்.

சங்கங்களுக்கும் பொறுப்பு உண்டு. ஊதிய உயர்வுக்குக் கொடி பிடிக்கும் பொதுச் சங்கங்கள் சாதிப் புகார் என்றதும் ‘இது தனிப்பட்ட பிரச்சினை’ என்று விலகிச் செல்வதை நாம் கண்டிருக்கிறோம். குறிப்பாணை பெற்ற ஊழியருக்கு விசாரணையில் துணை நிற்கும் சக பணியாளர்களைப் பயிற்றுவிப்பது சங்கங்களின் அன்றாட வேலையாக வேண்டும்.

இறுதியாக, குறிப்பாணையைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கும் தோழர்களுக்குச் சில சொற்கள். மனுக்களை எழுத்தில் அளித்து ஒப்புகை பெறுங்கள்; மறுத்தால் பதிவு அஞ்சலில் அனுப்புங்கள். குறிப்பாணையை வாங்க மறுக்காதீர்கள். அதில் சொல்லப்பட்ட ஆவணங்களின் நகல்களைக் கேட்டு, காலக்கெடுவுக்குள் ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியே பதில் எழுதுங்கள். விசாரணை அலுவலர் மீது ஐயம் இருந்தால், காரணத்துடன் முதல் நாளிலேயே எழுதிக் கொடுங்கள்; கோபத்தில் விசாரணையைப் புறக்கணித்தால் ஒருதலைத் தீர்ப்புக்கு நாமே வழிவிட்டவர்களாவோம். பதிவு செய்யப்பட்டதைப் படித்துப் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். முன்பு நீங்கள் அளித்த சாதிப் புகாரின் தேதியையும், குறிப்பாணையின் தேதியையும் உங்கள் பதிலில் அருகருகே குறிப்பிடுங்கள். பிற்காலத்தில் ஒரு நீதிமன்றம் பழிவாங்கலைக் கண்டுகொள்ள அந்த இரண்டு தேதிகளே முதல் சான்று.

திருமலைக்கவுண்டன்பாளையத்தின் சமையலர் தம் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை. அவருக்காக வீதியில் இறங்கியவர்கள் இருந்ததால், அந்த இடமாற்ற ஆணை நிற்கவில்லை. வீதியில் இறங்க ஆளில்லாத அலுவலகங்களில் அப்படிப்பட்ட ஆணைகள் இன்றும் கையெழுத்தாகின்றன. அவை நாளிதழில் வருவதில்லை. போராட்டம் நடந்தால்தான் நீதி என்ற நிலை மாறி, விதியின்படியே நீதி என்ற நிலை வரும் வரை, ஒவ்வொரு குறிப்பாணையையும் நாம் கவனித்துப் படிக்க வேண்டும்.